நான்காவது பீடத்துணி

கடலுக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கிற எங்கள் வீதியில், செசிலி அம்மாவின் மொட்டை மாடிக் கொடியில் போட்ட வெள்ளைத் துணிகள் நிறம் மாறிக் காய்ந்த முதல் வருடம், அதற்காக முதலில் எரிச்சல்பட்டவன் நான்தான். அந்த மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன் நான், என் வேட்டி பனியன் காய்வதற்கு இருந்த ஒரே கொடி அது, அன்றைக்குப் பிறகு அதில் என் கைக்குட்டையைப் போடக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போனது. திண்டிவனத்திலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு வந்தவனுக்கு அதிசயமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், காய்ந்த வேட்டி ஒன்று கிடைத்தால் போதும்.

பங்குக் கோயிலின் நான்கு பீடத்துணிகளையும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுப்பது செசிலி அம்மா வீட்டு வழக்கம். பெரிய பீடத்துக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, சூசையப்பருக்கு ஒன்று, காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற அந்தோணியாருக்கு ஒன்று. அம்மாவுக்குத் துவைப்பதில் இருக்கிற கறார் வேறு எதிலும் கிடையாது, வெள்ளையையும் சாயத்தையும் ஒரே தொட்டியில் போட்டதற்காகத் தன் ஒரே மகன் பத்திஸை அவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் வீதி முழுக்க விரட்டி அடித்ததை இன்னும் பலர் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த அடியில் கற்ற தொழில்தான் பத்திஸுக்குப் பிற்பாடு சோறு போட்டது, பிரான்சு தேசத்தில் பெல்ரிவ் என்கிற ஊரில் ஒரு ரக்பி கிளப்பில் அவன் சட்டை துவைக்கிறவனாக இருந்தான். ஊர் வழக்கப்படி தன் ஆட்களின் சட்டையோடு, விளையாட வருகிற எதிராளிகளின் சட்டையையும் அவன்தான் துவைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த முதல் வருடம், காலையில் வெள்ளையாகப் போட்ட நான்கு துணிகளும் மத்தியானம் எடுக்கப் போகும்போது, படிக்கட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாக, சிவப்பும் கறுப்பும் பட்டை போட்டு ஒன்றும், நீலமாக ஒன்றும், பச்சையாக ஒன்றும், ஊதாவாக ஒன்றும் காய்ந்திருந்தன. செசிலி அம்மா மறுபடி துவைத்தார், வெந்நீரில் ஊற வைத்தார், எலுமிச்சை தேய்த்தார், சாயம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. பங்குச்சாமியார் வந்து பார்த்தார், திருவருகைக் காலத்தின் நிறமே ஊதாதான், இது தவத்துக்கான அழைப்பு என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நீண்ட பிரசங்கம் வைத்தார், மற்ற மூன்று நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு துணி வாங்கக் கோயிலில் வசதி இல்லாததால் அந்தத் துணிகளையே பீடங்களில் விரித்தார்கள், மாதாவின் காலடியில் நீலம் பொருத்தமாக இருக்கிறது என்றும் பெரிய பீடத்தில் பட்டைதான் கொஞ்சம் உறுத்துகிறது என்றும் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

விளங்கவைத்தவர் கஸ்பார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள், எங்கள் வீதியில் அவர்கள் நிறையப் பேர், சாயங்காலம் இரும்புக் குண்டு எறிந்து பெத்தாங் விளையாடுவார்கள், இருட்டினால் கஸ்பார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிஷ் வழியாக ரக்பி பார்ப்பார்கள். ஐரோப்பாக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஆடுகிற ஒரு கோப்பை உண்டாம், நான்கு குழுவாம், குழுவுக்கு ஆறு அணியாம், குழுவில் முதலில் வருகிறவன் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவானாம். டிசம்பரில் தொடங்கிய குழு ஆட்டங்கள் ஜனவரியில் முடிந்தபோது, முதல் குழுவில் சிவப்பும் கறுப்பும், இரண்டாம் குழுவில் நீலம், மூன்றாவதில் பச்சை, நான்காவதில் பத்திஸின் பெல்ரிவ் கிளப்பின் ஊதா என்று வரிசை மாறாமல் வந்ததைப் பார்த்த கஸ்பார், பூசைக்கு நடுவில் எழுந்து நின்று பீடங்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார். சாமியார் நற்கருணையைக் கொடுத்து முடிக்கும் வரைக்கும் அவர் உட்காரவே இல்லை.

அடுத்த வருடம் துணி துவைக்கிற நாளில் எங்கள் மாடியில் நிற்க இடமில்லை. காரைக்காலிலிருந்து சொல்தாக்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், வீதிப் பெண்கள் தங்கள் வீட்டு வெள்ளைப் போர்வையும் தலையணை உறையும் கொண்டுவந்து கொடியில் போட்டுப் பார்த்தார்கள், அவை வெறுமனே காய்ந்தன. பீடத்துணிகள் மட்டும், போன வருடச் சாயம் தொட்டியில் போட்டதுமே தானாக இறங்கி வெள்ளையாகி, கொடியில் மறுபடி மாறின. யாருக்குக் குழந்தை பிறக்கும், எந்தக் கட்சி ஜெயிக்கும், தண்ணீர் லாரி என்றைக்கு வரும் என்றெல்லாம் கொடியைப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு, கொடி எதற்கும் அசையவில்லை, கோப்பையை யார் தூக்குவார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது, குழுவில் முதலில் வருகிறவனோடு அதன் அறிவு முடிந்துவிடும். நான் கஸ்பாரிடம் ஒருநாள் கேட்டேன், இவ்வளவு பெரிய அதிசயத்துக்கு இந்த ஊரில் உருப்படியாகச் சொல்வதற்கு வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா என்று, அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. முன்னால் போக வேண்டுமென்றால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிற ஒரு விளையாட்டுக்காக என் வேட்டி அறைக்குள்ளேயே கிடந்து நாறியது.

இரண்டாவது வருடமும் நான்காவது துணி ஊதாதான். துணி மாறி முடிந்ததும் சொல்தாக்கள் வெடி வைத்தார்கள், நம்ம வீதிப் பையன் துவைத்த சட்டை குழுவில் முதலிடம் என்று செசிலி அம்மாவுக்கு மாலை போட்டார்கள், பெண்கள் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் சுட்டுத் தட்டு தட்டாகக் கொண்டுவந்தார்கள். அம்மா மாலையைக் கழற்றி மாதா படத்துக்குப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

அதே வீட்டு மாடியில் இருக்கிற எனக்குத்தான் விஷயம் தெரியும். பத்திஸுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது, கோடையில் கிளப் நடத்துகிற பிள்ளைகள் முகாமுக்கு அவன் துவைக்க வேண்டும், கிறிஸ்துமஸில் குழு ஆட்டம், குழுவில் முதலில் வந்துவிட்டால் மே மாதம் வரைக்கும் அடுத்தடுத்த சுற்று. என்றைக்குக் குழுவில் தோற்கிறோமோ அந்த வருடம் பிப்ரவரி முழுக்க நீ ஊருக்குப் போகலாம் என்று கிளப் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தான். மகன் போய் வருடங்கள் ஓடிவிட்டன, அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டும் நிற்கவில்லை, விசாவும் கிடைக்கவில்லை. நான் என் கடையிலிருந்து எந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினாலும், பகல் வெளிச்சத்தில் ஒரு கை தூரத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்தது. போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்பார்கள், அந்தச் சின்னத் திரையில் அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், மகன் தெரியமாட்டான்.

கண் முழுக்கப் போவதற்குள் அவன் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ஒருதடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கு பெல்ரிவ் தோற்க வேண்டும்.

மூன்றாவது வருடம் அது வெளியே வந்தது. துணி துவைப்பதற்கு முந்தின ஞாயிறு, பூசையில் ஜனங்கள் வேண்டுதல் சொல்கிற விசுவாசிகள் மன்றாட்டில் கஸ்பார் எழுந்து, பெல்ரிவ் அணியின் வெற்றிக்காக ஆண்டவரை மன்றாடுகிறோம் என்றார், எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து செசிலி அம்மா எழுந்தார். "பெல்ரிவ் தோக்கணும்னு ஆண்டவரை மன்றாடுறேன்," என்றார். வாய் பழக்கத்தில் பாதிக் கோயில் அதற்கும் கேட்டருளும் என்று சொல்லிவிட்டது, மீதிப் பாதி திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் கஸ்பார் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, பெத்த புள்ளையோட கிளப்பு தோக்கணும்னு எந்தத் தாயாவது கேப்பாளா, ஊர் மானம் என்ன ஆகிறது என்று கத்தினார். அம்மா அவர் குரல் வந்த திசையைப் பார்த்து நின்றார். ஆண்டவர் கஸ்பாரைத்தான் கேட்டார், அந்த வருடமும் ஊதா.

நான்காவது வருடம் செசிலி அம்மா நான்கு துணியையும் வழக்கம்போல் துவைத்தார், மூன்றைக் கொடியில் போட்டார், நான்காவதை, அந்தோணியார் துணியை, பிழிந்து வாளியிலேயே வைத்து ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார். மாடியில் காத்திருந்த கூட்டம் முதலில் அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தது. பிறகு சாடை காட்டியது, பிறகு கெஞ்சியது, பிறகு கோபப்பட்டது. கஸ்பார் சொன்னதற்கெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார், துவைச்சுக் குடுக்கிறதுதான் என் வேலை, காயப்போடுறது என் இஷ்டம் என்று. அந்தோணியார் பீடம் அந்த வருடம் துணி இல்லாமல் வெறும் பலகையாக இருந்தது.

டிசம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. முதல் மூன்று குழுக்களிலும் கொடி சொன்னபடியே நடந்தது, நான்காவது குழுவில் எவனும் ஜெயிக்கவில்லை, எவனும் தோற்கவில்லை. எல்லா ஆட்டமும் சமன். கடைசி நொடியில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும், கோட்டைத் தாண்டி விழுந்தவன் கையில் பந்து இருக்காது, மூடுபனி வந்து கோல் கம்பத்தையே மறைத்துவிடும். ஆறு அணியும் ஒரே புள்ளியில் நின்றன, இப்படி நடந்தால் என்ன செய்வது என்று விதிகளில் இல்லையாம், திரும்ப ஆடுங்கள் என்றார்கள், திரும்ப ஆடினார்கள், திரும்பவும் சமன். சலித்துப்போய் நான்கு அணிகள் மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பிவிட்டன, பெல்ரிவும் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அயர்லாந்து அணியும் மட்டும் விடாமல் பெல்ரிவ் மைதானத்தில் மோதிக்கொண்டே இருந்தன. அங்கே மழை, சேறு. ஜெயித்த மற்ற மூன்று அணிகளும் அடுத்த சுற்றுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தன, கஸ்பார் வீட்டில் சொல்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள், வாளியில் இருந்த துணி காயவும் இல்லை, முடை நாற்றம் அடிக்கவும் இல்லை, அன்றைக்குத்தான் பிழிந்து வைத்ததுபோல ஈரமாகக் கிடந்தது.

அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது, குழு முடியாவிட்டால் பெல்ரிவ் முதலில் வந்ததாக ஆகாது, ஒருநாள் எல்லாரும் அலுத்துப்போய் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள், பிள்ளை வந்துவிடுவான் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திஸ் போன் செய்தான், நான்தான் ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"துவைச்சுத் துவைச்சு கை வெந்துபோச்சும்மா," என்றான். "நகம் கழண்டுடுச்சு. முடியவே மாட்டேங்குது. என்னமோ யாரோ புடிச்சி வெச்சிருக்கிற மாதிரி இருக்கு."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து வாளியைத் தூக்கினார், நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. படிக்கட்டில் கை வைத்துத் தடவித் தடவி ஏறினார், துணியை உதறினார், சுருக்கம் நீவினார், கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார். அந்த உதறல் சத்தம் வீதிக்குக் கேட்டிருக்க வேண்டும், பெத்தாங் குண்டுகள் நின்றுவிட்டன, பக்கத்து மாடிகளில் ஆட்கள் ஏறி வந்தார்கள், கஸ்பார் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் படிக்கட்டில் பாதியில் நின்றார். வெயில் நன்றாக இருந்தது. துணி ஓரத்திலிருந்து காயக் காய நிறம் ஏறியது.

யாரும் வெடி வைக்கவில்லை. மாலை போட்டுக் கல்கல் கொடுத்த வீதி அன்றைக்குத்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தது என்று நினைக்கிறேன், பார்த்துத் தொலைத்த பிறகு அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, அந்தக் கொடியை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. அம்மா துணியின் முனையை முகத்துக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"ஊதாதானே, தம்பி?" என்றார்.

ஊதாதாம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அங்கேயே நின்றபடி மகனுக்குப் போன் போடச் சொன்னார். துணியைக் காயப்போட்டுவிட்டேன், இனிமேல் ஆட்டம் முடிந்துவிடும், உன் கைக்கு மருந்து போடு, நீங்கள்தான் முதலில் வருவீர்கள், வேலையைப் பார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் துணி துவைக்கிற மிஷின் சுற்றுவது கேட்டது.

"அம்மா, துணியில கிளப்பு பேரு, முத்திரை, ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லடா. வெறும் ஊதா."

"செரிம்மா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை நானும் கஸ்பார் வீட்டில் போய்ப் பார்த்தேன், என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே ரக்பி ஆட்டம். அணிகள் மைதானத்துக்குள் வந்ததும் சொல்தாக்கள் எழுந்துவிட்டார்கள். பெல்ரிவ் ஆட்கள் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள், துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய வெள்ளை, அயர்லாந்துக்காரர்கள் பளபளவென்று ஊதாவில் வந்தார்கள். இரண்டு அணியின் சட்டையும், மாற்றுச் சட்டையும் சேர்த்து, இருந்ததெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஒரே தொட்டியில் போடப்பட்டதாம், ஊதா முழுக்க இவர்கள் சட்டையை விட்டு இறங்கி அவர்கள் சட்டைக்கு ஏறிவிட்டதாம், நடுவர் தலையைச் சொறிந்துவிட்டு, இரண்டும் வேறு வேறு நிறம்தானே, ஆடுங்கள் என்று விசிலை ஊதிவிட்டாராம், டிவியில் பேசுகிறவன் சொன்னதைக் கஸ்பார் அழாத குறையாகத் தமிழில் சொன்னார். ஊதா ஜெயித்தது. நான்காவது குழு முடிந்தது.

பத்திஸின் வேலை அன்றைக்கே போனது. பிப்ரவரியில் வந்து சேர்ந்தான், பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போய் அழைத்து வந்தேன், சொல்தாக்கள் பெத்தாங் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள், ஒருவரும் வா என்று சொல்லவில்லை. செசிலி அம்மா வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் முட்டி போட்டு முகத்தை அவருக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுவந்து வைத்தான், அவர் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார், நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொரு இடமாக, எங்களை எல்லாம் நிற்க வைத்துவிட்டு, அவருக்குப் போதும் என்கிற வரைக்கும் பார்த்தார். பிறகு அவன் கைகளை எடுத்துப் பார்த்தார். தோல் வெந்து உரிந்திருந்தது, விரல் இடுக்கெல்லாம் ஊதா.

கஸ்பார் பொறுக்க முடியாமல் பின்னாலிருந்து, வெள்ளையையும் சாயத்தையும் எப்படிடா ஒண்ணாப் போட்ட, உங்க அம்மா அடிச்ச அடி மறந்துபோச்சா என்று கேட்டார்.

"மறக்கல," என்றான் பத்திஸ், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. "நல்லா ஞாபகம் இருந்துச்சு."

அம்மா அவன் முதுகில் ஒரு அடி வைத்தார், வீதிக்கே கேட்கிற மாதிரி. வைத்த கையை எடுக்கவில்லை.

கொடி சொன்னது பலித்ததா பலிக்கவில்லையா என்று சொல்தாக்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஊதா ஜெயித்தது என்பார் ஒருவர், பெல்ரிவ் தோற்றது என்பார் இன்னொருவர், காரைக்காலிலிருந்தும் போன் வரும். திருவருகைக் காலத்துக்கு முன்னால் இப்போது பத்திஸ்தான் பீடத்துணிகளைத் துவைக்கிறான், எல்லாம் வெள்ளையாகவே காய்கின்றன. கொடியில் எனக்கும் ஒரு முழ இடம் கொடுத்திருக்கிறான்.